ஆச்சி இறந்த வீட்டில் பிள்ளை விளையாடுகிறதே, அதற்குத் துக்கம் இல்லையா?

இருக்கிறது. பிள்ளைகளின் துக்கம் விட்டுவிட்டு வரும். வேதனையை வெகுநேரம் தாங்கும் பலம் சின்ன மனதுக்கு இல்லை; அதனால் அழுது, விளையாட்டில் இளைப்பாறி, மறுபடி அழும். குற்றாலச் சாரல் போல: பெய்யும், வெயிலடிக்கும், திரும்பவும் பெய்யும்.

ஐந்து வயதுக்குள் சாவு நிரந்தரம் என்பது பெரும்பாலும் பிடிபடாது. "ஆச்சி எப்ப வருவா?" என்று எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்: "ஆச்சி செத்துட்டா, இனி வரமாட்டா." "தூங்குறா" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், பிள்ளை தானும் தூங்கப் பயப்படும். தன் சேட்டையால்தான் இப்படி ஆனதோ என்றும் உள்ளுக்குள் மருகும். கேட்காவிட்டாலும் "உன்னால இல்ல" என்று சொல்லுங்கள். படுக்கையை நனைப்பது, வயிற்றுவலி எல்லாம் சில வாரம் வரலாம், திட்டாதீர்கள்.

பதினாறாம் நாள் கழிந்தால் மறந்துவிடும் என்பது தவறு. வளர வளரப் புதிதாகப் புரிந்து, அடுத்து வரும் ஊர்க் கோயில் கொடைவிழாவில்கூட அழும்.