செரேர் மொழியின் முதலெழுத்து மாற்றம்: கேள்வி பதில்

செனகலின் சீன், சாலூம் பகுதிகளிலும் காம்பியாவிலும் பேசப்படும் செரேர் மொழியில் சொல்லின் முதல் மெய் மாறுகிறது; இதை மெய்மாற்றம் என்கிறேன். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். சுலோகப் புத்தக வழக்கப்படி க³ என்றால் 'காந்தி'யின் முதல் ஒலி. ப³ என்றால் 'பஸ்'ஸின் முதல் ஒலி. எண் இல்லாதவை வல்லொலிகள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்காவிட்டால் கீழே இருப்பது எதுவும் புரியாது.

கேள்வி: ஐயா, மெய்மாற்றம் என்கிறீர்களே, அதை ஒரு வாக்கியத்தில் காட்ட முடியுமா?

இரண்டு வாக்கியம் வேண்டும்.

ஓ டெவ் ஓஹெ அ கி³ம: அந்தப் பெண் பாடினாள்.
ரெவ் வெ அ ங்கி³ம: அந்தப் பெண்கள் பாடினார்கள்.

வினைக்கு முன் நிற்கும் 'அ' படர்க்கைக்கு உரியது. ஒருமைக்கும் பன்மைக்கும் அதேதான். வினையின் ஈற்றில் ஒலிக்கும் அகரம், செயல் முடிந்துவிட்டதைச் சொல்கிறது, அதுவும் மாறவில்லை. மாறியது முதல் மெய் மட்டுமே. பாடியவர் ஒருவரா பலரா என்பதை வினையில் அதுதான் சொல்கிறது. நாம் 'ஆள்', 'ஆர்கள்' என்று கடைசியில் சொல்வதை அவர்கள் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். 'எழுது' என்பதற்கும் இப்படியே: அ பி³ண்ட என்றால் எழுதியவர் ஒருவர், அ ம்பி³ண்ட என்றால் பலர்.

கேள்வி: அப்படியானால் மூக்கொலி சேர்ந்தால் பன்மை என்று வைத்துக்கொள்ளலாமா?

வினையில் மட்டும். மேலே பெயர்ச்சொல்லைப் பாருங்கள்: ஒருமையில் 'டெவ்', பன்மையில் 'ரெவ்'. மூக்கொலியே இல்லை. ஆணுக்கு 'ஓ கோர்', ஆண்களுக்கு 'கோ³ர்'. பெயரில் எந்த மெய் வரும் என்பதை அந்தப் பெயர் சேர்ந்திருக்கும் வகுப்பு (நம் திணை, பால் போன்ற பிரிவு) முடிவு செய்கிறது. புதிதாகப் படிப்பவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: நான் தமிழாசிரியை. இது நம் புணர்ச்சிதானே?

இல்லை, அம்மா. பல்+பொடி 'பற்பொடி' ஆவதற்குக் காரணம் பக்கத்தில் வந்த ஒலி. செரேரில் இன்று மெய்யை மாற்றுவது இலக்கணம். ஒப்பிட வேண்டுமானால் தன்வினை, பிறவினையை எடுத்துக்கொள்ளுங்கள். திருந்தினான், திருத்தினான், இங்கே 'ந்த்' 'த்த்' ஆனதும் பொருள் மாறிவிடுகிறது, பக்கத்து ஒலிக்கு அதில் வேலையே இல்லை. நம்முடைய மாற்றம் வினையடியின் கடைசியில், அவர்களுடையது முதலில்.

ஆனால் வரலாற்றில் அதுவும் ஒலிச் சேர்க்கையாகத்தான் தொடங்கியிருக்கிறது. பழைய முன்னொட்டுகளின் ஈற்றொலி வினையின் முதல் மெய்யோடு கலந்தது. பிறகு முன்னொட்டு தேய்ந்தது, கலப்பின் விளைவு மட்டும் தங்கிவிட்டது. உறவு மொழியான ஃபுலாவிலும் 'ஓ யஹி' (அவன் போனான்), 'பே³ ஞ்ஜஹி' (அவர்கள் போனார்கள்) என்று வரும். ஆனால் அங்கே ஓ, பே³ என்ற சுட்டுச் சொற்களே எண்ணைக் காட்டிவிடுகின்றன. செரேரின் 'அ' அதைச் செய்வதில்லை.

கேள்வி: காலம் காட்டுவது எப்படி?

குறில், நெடில். 'அ கி³ம' பாடி முடித்தது. 'அ கி³மா' முடியாதது, அதாவது பாடுகிறாள் அல்லது பாடுவாள். எதிர்மறைக்கும் விகுதிதான்.

கேள்வி: மகரத்திலோ நகரத்திலோ தொடங்கும் வினை என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே மூக்கொலியாக இருப்பதை இன்னும் எங்கே மாற்றுவது? அப்போது எழுவாயைப் பார்த்துத்தான் எண் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: 'பாடகர்' போன்ற சொற்களை வினையிலிருந்து எப்படி உண்டாக்குகிறார்கள்?

எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த பகுதி இது. 'கி³ம்' என்றால் பாடு. பாடகர் 'ஓ கீகி³ம்'. வினையின் முதல் அசையை இரட்டித்து, உயிரை நீட்டி, முன்னால் 'ஓ' சேர்க்கிறார்கள். இரட்டித்து வந்த படியில் (நகலில்) வல்லொலி 'க', மூலத்தில் எண் இட்ட 'க³' என்பதைக் கவனியுங்கள். எழுதுபவர் 'ஓ பீபி³ண்ட்'. ஆடுபவர் 'ஓ பேஃபெச்'. 'ஃபெச்' என்றால் ஆடு. நெய்பவர் 'ஓ டீரிவ்'. 'ரிவ்' என்றால் நெய். படியெடுத்த பிறகும் மூலம் அசையாமல் இருக்கிறது. முன்னொட்டை ஒட்டி நிற்கும் மெய் மட்டும் வல்லொலியாகிறது. படியும் மூலமும் ஒத்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை இது உடைப்பதால், ஒலியியல் கோட்பாட்டாளர்கள் இதை விடாமல் எடுத்து விவாதிக்கிறார்கள்.

கேள்வி: தமிழுக்கும் செனகல் மொழிகளுக்கும் உறவு உண்டு என்று படித்திருக்கிறேனே?

1970களில் அந்தப் பேச்சு ஓங்கி ஒலித்தது. அதற்கு ஊக்கம் தந்தவர் செனகலின் முதல் குடியரசுத் தலைவர் லியோபோல்ட் செங்கோர்; 1906இல் ஜோவாலில் பிறந்த செரேர்காரர், 1940களில் செரேர் மொழியைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளும் எழுதியவர். நம் தமிழறிஞர் க.ப. அறவாணன் செனகல் தலைநகர் டாக்கரில் பணியாற்றி இந்தத் திசையில் நிறைய எழுதினார். ஆனால் வரலாற்று மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்கவில்லை. என் கருத்தும் அதுவே. விகுதி மேல் விகுதி அடுக்குவது போன்ற ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது; அப்படி அடுக்கும் மொழிகள் உலகெங்கும் இருக்கின்றன.

கேள்வி: செரேர் மக்கள் எல்லோருக்கும் இதே மொழிதானா?

இல்லை. தியேஸ் நகரை ஒட்டிய நோன், ந்டூட் போன்ற குழுக்களையும் செரேர் என்றே அழைக்கிறார்கள். அவர்கள் பேசுவது காங்கின் என்ற தனிக் கிளை மொழிகளை.

கேள்வி: 'ங்கி³ம' என்று ஒரு பக்கத்தில் பார்த்தால் அகராதியில் எங்கே தேடுவது?

மூக்கொலியை உரித்துவிட்டு 'கி³ம்' என்று தேடுங்கள். வினைக்கு ஒருமை வடிவமே தலைச்சொல். பெயர்ச்சொல் கிடைக்காவிட்டால் ட இருக்கும் இடத்தில் ர போட்டும், க இருக்கும் இடத்தில் க³ போட்டும் பாருங்கள்.