1,500 பவுண்ட் என்றார்கள், 250 தான் தந்தார்கள்

இங்கிலாந்தின் லெஸ்டரில் முதலாண்டு படிப்பு, மாணவர் வங்கிக் கணக்கில் 1,500 பவுண்ட் ஓவர்டிராஃப்ட் (கணக்கில் பணம் தீர்ந்தபின்னும் கடனாக எடுக்கக்கூடிய தொகை) என்று விளம்பரம், கிடைத்தது 250 மட்டும், உடனே வேறு நாலு வங்கியில் முயலலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். விளம்பரத்தில் ‘வரை’ என்று ஒரு சின்னச் சொல் இருந்திருக்கும், விஷயமே அதில்தான். உங்கள் கடன் வரலாற்றைப் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்வார்கள், பதினெட்டு வயதில் யாருக்குப் பெரிய வரலாறு இருக்கும்? அடுத்தடுத்து விண்ணப்பித்தால் ஒவ்வொன்றும் அதில் பதிவாகி இன்னும் கெடுக்கும்.

முதலில் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள். முகவரியை அதை வைத்தும் சரிபார்ப்பார்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றாலும், செல்லுபடியாகும் விசா இருந்தால் காமன்வெல்த் குடிமக்களாகப் பதியலாம், நம்மவர் பலருக்கு இது தெரியாது. அப்புறம் சம்பளமோ வீட்டுப் பணமோ இந்தக் கணக்கிலேயே வரட்டும், சில மாதம் கழித்து வரம்பை உயர்த்தச் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்று மட்டும், இந்த ஓவர்டிராஃப்டுக்கு வட்டியில்லை என்பது மாணவராக இருக்கும்வரைதான். படிப்பு முடிந்தபின் அந்தச் சலுகை படிப்படியாகக் குறையும், சாதாரணக் கணக்காக மாறினால் பல வங்கிகளில் ஆண்டு வட்டி 40 சதவீதத்தை ஒட்டி நிற்கும். வாடகைக்கு வைத்துக்கொள்ளுங்கள், புது ஃபோனுக்கு வேண்டாம்.