டோன்யா ஹார்டிங்கை மக்கள் மன்னித்துவிட்டார்கள் என்றால் என்ன அர்த்தம்?

ஒரு பிரபலம் செய்த தப்பை மறக்காமலே, அவரை மறுபடி ரசிக்க ஊர் தயாராவதுதான் மக்கள் தரும் மன்னிப்பு. அதற்குச் சட்டமும் கிடையாது, தேதியும் கிடையாது.

ஹார்டிங், பனித்தளத்தில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை; போட்டியில் டிரிபிள் ஆக்ஸல் (காற்றில் மூன்றரைச் சுற்று சுழலும் கடினமான தாவல்) தாவிய முதல் அமெரிக்கப் பெண் (1991). 1994 ஜனவரியில் டெட்ராய்டில் சக ஸ்கேட்டிங் வீராங்கனை நான்சி கெரிகனின் காலில் ஒருவன் தடியால் அடித்தான். ஏற்பாடு செய்தவர்களில் ஹார்டிங்கின் முன்னாள் கணவரும் ஒருவர். விசாரணைக்கு இடையூறு செய்ததாக ஹார்டிங் ஒப்புக்கொண்டார். அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும் கிடைத்தன. அமெரிக்க ஸ்கேட்டிங் சங்கம் அவருடைய 1994 தேசியப் பட்டத்தைப் பறித்து, ஆயுள் தடையும் விதித்தது.

அப்புறம் எப்படி மனம் மாறியது? கெரிகன் தேறி, சில வாரங்களிலேயே ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். ஹார்டிங்கோ பிழைப்பையே இழந்தார். அவருடைய வறுமையும் கொடுமையான குடும்பச் சூழலும் 2017இல் வந்த திரைப்படத்தால் பலருக்குத் தெரியவந்தன. 2018இல் தொலைக்காட்சி நடனப் போட்டியின் இறுதிச்சுற்று வரை போனார். தண்டனை போதும் என்று தோன்றினால் கோபம் தானாகத் தணியும். அதிலும் அடிபட்டவர் நாமில்லை. நமக்கு மன்னிப்பது சுலபம்.

கடன் வாங்கி ஏமாற்றிய உறவினரோடு பேச்சுவார்த்தை தொடரும், பெட்டிச் சாவி மட்டும் கைக்குப் போகாது, இல்லையா? சங்கமும் அப்படித்தான், மக்கள் இளகியும் தடை நீங்கவில்லை.

ஹார்டிங்கே கெரிகனை அடித்தார் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள்; அடித்தது கூலிக்கு வந்த ஆள், தாக்குதல் திட்டம் தனக்கு முன்கூட்டியே தெரியும் என்றுகூட அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளவில்லை.