சாவை நினைத்துப் பார்க்கும் பழக்கம்: கேள்வி பதில்

காரைக்குடியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தினமும் காலையில் கொஞ்ச நேரம் என் சாவை நினைத்துப் பார்ப்பேன் என்று சொல்லப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன.

கேள்வி: விடியும்போதே சாவு நினைப்பா? அபசகுனம் இல்லையா?

ஆச்சி, படைப்பு அன்றைக்கு இறந்தவர்களுக்கு வேட்டியும் சேலையும் எடுத்து வைத்துச் சோறு படைக்கிறோம். அதை யாரும் அபசகுனம் என்பதில்லையே. அந்த வரிசையில் நாளைக்கு நானும் உண்டு என்று நினைக்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வி: சார், சரியாக என்னதான் செய்கிறீர்கள்?

திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்து, மூச்சைக் கவனித்தபடி சாவை நினைத்துப் பார்ப்பேன். சாவை இப்படி நினைவில் வைப்பதைப் பௌத்தத்தில் மரணசதி என்பார்கள். 'இன்னும் ஒரு நாள் இருப்பேன்' என்று எண்ணுகிற துறவியை அசட்டையானவர் என்றார் புத்தர். ஒரு கவளம் மெல்லும் நேரம், ஒரு மூச்சு நேரம் என்று எண்ணுகிறவரே விழிப்பாக இருப்பவராம்.

அப்புறம், வாரம் ஒருநாள் வீட்டில் ஏதாவது ஒரு பழைய பொருளைக் கையில் எடுப்பேன். போன வாரம் ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த எனாமல் தூக்குவாளி. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது கடை, வயல் எல்லாம் அங்கேயே போயிற்று. தூக்குவாளி மட்டும் வந்து சேர்ந்தது. ஐயாவும் போய்விட்டார். நானும் போன பிறகு அது முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில்தான் இருக்கும். அந்தத் தெருவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். யார் வீட்டு ஆயாவின் படமோ சட்டத்தோடு விலைக்கு நிற்கும். வாங்க வந்தவர் சட்டத்துக்குத்தான் பேரம் பேசுவார்.

கேள்வி: ரமணர் செய்ததும் இதுதானா?

1896-ல், மதுரையில், 16 வயதில் அவருக்குத் திடீரென மரணபயம் வந்தது. பிணம்போல விறைத்துப் படுத்து, சாவது எது என்று உள்ளே பார்த்தார். அவருக்கு ஒரே தடவையில் முடிந்துவிட்டது. நானும் படுத்துப் பார்த்தேன். தூங்கிவிட்டேன்.

கேள்வி: காதற்ற ஊசியும் வராது என்று எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்கிறீர்களா?

இல்லை. உயில் எழுதச் சொல்கிறேன். எங்கள் பெரியப்பா எழுதாமலே போனார். வீட்டுக்குப் பதினோரு பங்காளிகள். இரண்டாம் கட்டு அறைச் சாவி யாரிடம் என்பதற்கே இரண்டு வருடம் சண்டை.

கேள்வி: அப்பா இறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நான் செய்யலாமா?

இப்போது வேண்டாம் தம்பி. துக்கம் கொஞ்சம் ஆறட்டும். செத்துவிடலாம் போலத் தோன்றினால் அது வேறு விஷயம். தனியாக வைத்துக்கொள்ளாமல் உடனே மருத்துவரிடம் போங்கள், அல்லது 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

கேள்வி: உங்களுக்குப் பயம் போய்விட்டதா?

எங்கே! போன மாதம் ஈசிஜி எடுக்கப் படுத்தபோது கை நடுங்கியது. வெளியே வந்ததும் மகளுக்குப் போன் போட்டு, பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று சொன்னேன்.