நின்றிருந்த லாரியைக் கார் ஏன் கண்டுகொள்ளவில்லை?

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல் (செட் செய்த வேகத்தில் தானாக ஓடி, முன்வண்டிக்கு ஏற்பத் தானே வேகத்தைக் குறைக்கும் வசதி) உள்ள கார் வாங்கினேன். போன வாரம் திருச்சிக்குப் போகும்போது, திண்டிவனம் தாண்டி 95-ல் செட் செய்திருந்தேன். முன்னால் போன கார் சட்டென்று இடதுபக்கம் ஒதுங்கியது. பார்த்தால் வலது லேனிலேயே ஒரு லாரி பழுதாகி நிற்கிறது. என் கார் பிரேக் போடவில்லை; வேகமெடுத்த மாதிரிகூட இருந்தது. நான்தான் மிதித்து நிறுத்தினேன். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு 'பிரச்சினை எதுவும் இல்லை' என்கிறார்கள். இதை நம்பி ஓட்டலாமா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: நீங்கள் நேரத்துக்கு மிதித்தீர்களே, அது பெரிய விஷயம். சர்வீஸ் சென்டர் சொன்னதும் பொய்யாக இருக்காது. கார் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்திருக்கிறது. ஆனால் இதை வண்டி கொடுத்த அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். மாலை போட, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்க, போட்டோ எடுக்க அரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள். இந்தப் பட்டன் எந்த இடத்தில் கைவிடும் என்று சொல்ல ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

காரின் முன்பக்கம், கிரில்லுக்கோ லோகோவுக்கோ பின்னால் ஒரு ரேடார் இருக்கிறது. எதிரே இருப்பது எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் நெருங்குகிறது என்பது அதற்கு நன்றாகத் தெரியும். அது லாரியா பாலமா என்று பிரித்துப் பார்ப்பதில்தான் திணறும். நடுத்தடுப்புக் கம்பி, தலைக்கு மேல் வரும் பச்சை போர்டு, மேம்பாலம் எல்லாமே அதற்கு அசையாத பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் பின்னால் வரும் பஸ் உங்கள் டிக்கியில் ஏறிவிடும். அதனால் நெடுஞ்சாலை வேகத்தில், முதலிலிருந்தே நின்றுகொண்டிருப்பதைப் பல கார்களில் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் காரோடு வந்த புத்தகத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கும், எடுத்துப் பாருங்கள். முன்னால் போன கார் விலகியதும் பாதை காலி என்று எண்ணி 95-ஐப் பிடிக்கப் போயிருக்கிறது. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 26 மீட்டர் ஓடிவிடும்.

"டோல்கேட்டில் முன்வண்டி நின்றால் என் கார் தானாக நிற்கிறதே?" என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள், ஏமாறுவதும் இங்கேதான். விக்கிரவாண்டி டோல்கேட்டை நெருங்குகிறீர்கள், முன்னால் ஒரு கார் போகிறது என்று வையுங்கள். அது ஓடும்போதே ரேடார் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. 60, 30, 10 என்று அது குறையக் குறைய உங்கள் காரும் குறைத்து, பின்னாலேயே நிற்கும். அதே டோல்கேட்டுக்கு இன்னொரு நாள் முன்னால் யாருமில்லாமல் 90-ல் வருகிறீர்கள். வரிசையின் கடைசி வண்டி நீங்கள் வருவதற்கு முன்பே நின்றுவிட்டது. அது ஓடியதை ரேடார் பார்க்கவே இல்லை. அன்றைக்கு நிற்கலாம், நிற்காமலும் போகலாம். ஓடி நின்ற வண்டி வேறு, நின்றே இருந்த வண்டி வேறு. 'நேற்று நின்றதே' என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்துவைப்பவர்தான் மோதுகிறார். கேமராவும் சேர்ந்து பார்க்கும் கார்களில் கொஞ்சம் தேவலை. மோதப்போகும் கடைசி நேரத்தில் தானாகப் பிரேக் போடும் ஆட்டோ எமர்ஜென்சி பிரேக் என்று தனியாகவும் ஒன்று உண்டு. அவற்றைக் கணக்கில் வைத்து ஓட்டாதீர்கள்.

அதனால் டோல்கேட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே குரூஸை அணைத்துவிடுங்கள். ஊருக்குள், மழையில், மலைப்பாதையில் வேண்டாம். சாலையோரமாகப் போகும் பைக்கையும், லைட் இல்லாமல் வரும் கரும்பு டிராக்டரையும் அதன் பொறுப்பில் விடாதீர்கள். மீட்டரில் முன்வண்டிக்குப் பின்னால் தெரியும், இடைவெளியைக் குறிக்கும் கோடுகளை அதிகபட்சத்தில் வையுங்கள். யாராவது இடையில் புகுந்தால் புகட்டும். குரூஸ் தானாகப் போடும் பிரேக்குக்கு நீங்கள் பயந்து மிதிப்பதில் பாதி பலம்கூட இருக்காது. அதற்கு இடம் வேண்டும். சர்வீஸ் ரோட்டில் இறங்கியபின் ரெஸ்யூம் பட்டனைத் தொடாதீர்கள், பழைய 95-க்கே பாயும். ஆக்ஸிலரேட்டரில் கால் அழுந்தியிருந்தால் குரூஸ் பிரேக் போடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்று கேட்கிறேன். காருக்கு முன்னால் இரும்பு கார்டு போட்டிருக்கிறீர்களா? கடைக்காரர் 'சேஃப்டிக்கு நல்லது சார்' என்று சொல்லித்தான் விற்பார். இந்த கார்டு சட்டவிரோதம் என்று மத்திய அரசு 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இன்னும் ஷோரூமுக்கு எதிர்க்கடையிலேயே தொங்குகிறது, யாரும் கேட்பதில்லை. எங்கள் பட்டறைக்கு ஒருவர் குரூஸ் அடிக்கடி அணைந்துபோகிறது என்று வந்தார். வேறொரு இடத்தில் ரேடாரையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். கார்டின் நடுக்குழாய் ரேடாருக்கு நேர் எதிரே, நான்கு விரல் இடைவெளியில். போதாததற்கு ஆயுத பூஜைச் சந்தனம் ரேடார் மூடியின்மேலேயே காய்ந்து அப்பியிருந்தது. கார்டைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, கோணத்தைச் சரிபார்த்து அனுப்பினோம். ரேடாரில் ஒரு குறையும் இல்லை. பொட்டு வைப்பதென்றால் பானெட்டில் வையுங்கள்.

பம்பர் அடிபட்டால் பட்டி பூசி பெயிண்ட் அடித்துத் தருவார்கள். ரேடாருக்கு முன்னால் வரும் பகுதியில் பட்டி தடிப்பாக இருந்தால் ரேடார் தடுமாறும். முன் கண்ணாடி மாற்றும்போதும் கவனம். கேமரா அதில்தான் இருக்கிறது. இரண்டு வேலைக்குப் பிறகும் ரேடார், கேமராவின் கோணத்தைச் சரிபார்த்து அமைக்க வேண்டும்; அதுதான் கேலிப்ரேஷன். கிளெய்ம் பார்த்துக்கொடுக்கும் ஏஜென்ட், 'கேலிப்ரேஷனெல்லாம் கம்பெனிக்காரன் காசு பிடுங்கும் வேலை' என்பார். அவருக்கு அன்றைக்கே வண்டியை விடவேண்டும், அவ்வளவுதான். கேலிப்ரேஷன் செய்ததற்கான பிரின்ட்அவுட், அதில் உங்கள் வண்டியின் சேசிஸ் நம்பர், இரண்டும் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். ஸ்டீயரிங்கில் மாட்ட எடைக்கட்டி விற்பவர்களை அண்டவே விடாதீர்கள். ஸ்டீயரிங்கில் கை இருக்கிறது என்று காரை ஏமாற்றி, கையை எடுத்துவிட்டு ஓட்ட விற்கிறார்கள்.

இந்த ஆறு மாதத்தில் பம்பரிலோ முன் கண்ணாடியிலோ யாராவது கை வைத்திருந்தால், சர்வீஸ் சென்டருக்கு இன்னொரு முறை போங்கள். எரர் கோடு மட்டும் பார்த்தால் போதாது, ரேடார் கோணத்தையும் அளந்து எழுத்தில் தரச் சொல்லுங்கள். யாரும் கை வைக்கவில்லை என்றால் குரூஸைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்: பகலில், காலியான நான்குவழிச் சாலையில், முன்வண்டிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும்போது.