கிளட்சிலிருந்து முட்டுக்கல் வரை: புதிதாகக் கார் ஓட்டுபவர்களின் கேள்விகள்

சேலத்தில் 22 வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கேள்வி கேட்கச் சொன்னதும் பெரும்பாலும் வண்டியை எடுப்பது, கியர் மாற்றுவது பற்றித்தான் வந்தன. என்னைப் பொறுத்தவரை முதலில் கற்க வேண்டியது வண்டியை நிறுத்துவதும், நிறுத்திய இடத்திலேயே அது நிற்கும்படி பார்த்துக்கொள்வதும்தான். அதனால் எந்தக் கேள்வியில் ஆரம்பித்தாலும் பதில் அங்கே போய் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், கற்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. சிக்னலில் வண்டியை எடுக்கும்போதெல்லாம் ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் ஹாரன் அடித்தால் கால் உதறுகிறது. (நாமக்கல்)

இது எல்லோருக்கும் வருவதுதான் தம்பி. வண்டி நிற்கும்போதும் இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சக்கரம் சும்மா நிற்கிறது. ஓடுகிற இன்ஜினையும் நிற்கிற சக்கரத்தையும் மெதுவாகச் சேர்த்துவைப்பதுதான் கிளட்சின் வேலை. காலைச் சட்டென்று எடுத்தால் நிற்கிற சக்கரம் ஓடுகிற இன்ஜினை இழுத்து நிறுத்திவிடும்.

காலையில் ஆளில்லாத சமதள மைதானத்துக்குப் போங்கள். முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் நூல் நூலாக விடுங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் தணியும், ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம் தெரியும். கிளட்ச் பிடிக்கிற இடம் அதுதான். அங்கேயே காலை இரண்டு விநாடி வைத்திருந்தால் வண்டி தானாக நகரும். கொஞ்சம் நகர்ந்ததும் கிளட்சை மிதித்து, பிரேக் போட்டு நிறுத்துங்கள். இதை 20 முறை செய்தால் அந்த இடம் காலுக்குத் தெரிந்துவிடும். ஆனால் பிடிக்கிற இடம் தெரிந்துவிட்டதே என்று சிக்னலில் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்திவைக்காதீர்கள், கிளட்ச் பிளேட் தேய்ந்துபோகும்.

சிக்னலில் ஆஃப் ஆனால் வரிசை இதுதான்: பிரேக், கிளட்ச், நியூட்ரல், ஸ்டார்ட். ஹாரன் அடிப்பவருக்கு ஐந்து விநாடி தாமதம் ஆகும், வேறொன்றும் ஆகாது. கற்பவருக்கான சிவப்பு 'எல்' எழுத்தை முன்னும் பின்னும் ஒட்டியிருக்கிறீர்கள்தானே? அதைப் பார்த்தால் பாதிப் பேர் பொறுமையாக இருப்பார்கள்.

நான் கொஞ்சம் குள்ளம். பானெட் முனையே தெரிவதில்லை. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஓட்டலாமா? (மதுரை, வயது 52)

முதுகுக்குப் பின்னால் வேண்டாம் அம்மா. தளர்வான தலையணை நழுவும், வேகமாகப் பிரேக் போட்டால் உங்களையும் சேர்த்து நகர்த்திவிடும். முதலில் சீட்டைச் சரிசெய்வோம். கிளட்சைத் தரை வரை மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்தபடியே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே 25 செ.மீ. இடைவெளியாவது இருக்கட்டும், ஏர்பேக் விரிய இடம் வேண்டும். சீட்டை உயர்த்தும் வசதி உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கெட்டியான, வழுக்காத மெத்தையை உட்காரும் இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு உயர்த்தினாலும் பானெட்டின் முனை யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்தி, இறங்கிப் போய்ப் பாருங்கள். சுவர் எங்கே தெரிந்தபோது உண்மையில் எத்தனை அடி பாக்கி இருந்தது என்று நாலைந்து முறை அளந்து பார்த்தால் மனதில் பதிந்துவிடும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. தண்ணீர் பாட்டிலை ஓட்டுநர் பக்கம் கீழே போடவே கூடாது. அது உருண்டு பிரேக்குக்கு அடியில் மாட்டினால் பிரேக் இறங்காது. ஹீல்ஸ் செருப்பும், காலை விட்டுக் கழலுகிற ரப்பர் செருப்பும் வேண்டாம்.

அண்ணா, ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கியிருக்கிறேன். இடது கால் சும்மாதானே இருக்கிறது, அதால் பிரேக் போடலாமா? (திருப்பூர்)

கூடாது. பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வலது கால் ஒன்றுதான். இரண்டு காலையும் பயன்படுத்தினால் பதற்றத்தில் இரண்டையும் சேர்த்து மிதித்துவிடுவோம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பது. இது நெடுஞ்சாலையைவிட வீட்டு வாசலிலும் கடை முன்னாலும் வண்டியை நிறுத்தும்போதுதான் நடக்கும். பின்னால் பார்க்க உடம்பைத் திருப்பும்போது காலும் நமக்குத் தெரியாமல் நகர்ந்துவிடுகிறது. வண்டி பாய்ந்ததும் பயத்தில் இன்னும் அழுத்துகிறோம். அதனால் நிறுத்தும் இடத்துக்குள் நுழைந்துவிட்டால் சமதளத்தில் ஆக்ஸிலேட்டரை மறந்துவிடுங்கள். உங்கள் வண்டி பிரேக்கை விட்டாலே தானாக ஊர்ந்து போகும். கால் பிரேக் மேலேயே இருக்கட்டும், ஊர்கிற வேகத்தைப் பிரேக்கை வைத்தே கூட்டிக் குறையுங்கள். கியர் வண்டிக்காரர்கள் இதையே கிளட்சில் செய்யலாம்.

ஏற்காடு ஏற்றத்தில் முன்னால் பஸ் நின்றுவிட்டது. நானும் நிறுத்தினேன். திரும்ப எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டு, பின்னால் இருந்த வண்டியை இடிக்கப் பார்த்துவிட்டது. (ஈரோடு)

பிரேக்கிலிருந்து ஆக்ஸிலேட்டருக்குக் கால் மாறும் அந்த ஒரு நொடியில்தான் உருள்கிறது. அந்த நொடிக்கு ஹேண்ட்பிரேக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுங்கள். முதல் கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து, கிளட்சைப் பிடிக்கிற இடம் வரை விடுங்கள். இன்ஜின் சத்தம் தணிந்து, வண்டி முன்னே போகத் துடிப்பது தெரியும். அப்போது ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாது. சில புது வண்டிகளில் ஏற்றத்தில் தானாகவே பிரேக்கைப் பிடித்துவைக்கும் வசதி இருக்கிறது. அது இரண்டு விநாடிபோலத்தான் பிடிக்கும், அதையே நம்பி நிற்க வேண்டாம்.

முன் வண்டியை ஒட்டி நிற்காதீர்கள், அதுவும் உருளலாம். குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

சரிவில் நிறுத்தும்போது கியரில் விடுவதா, நியூட்ரலா? ஹேண்ட்பிரேக் மட்டும் போதாதா? (குன்னூர்)

நான் காத்திருந்த கேள்வி இது. ஹேண்ட்பிரேக் மட்டும் போதாது.

என்னிடம் கற்றவர் ஒருவர், கோயில் வாசலில் பார்த்தால் சமதளம்போலவே தெரிகிற இடத்தில், ஹேண்ட்பிரேக்கை ஒரே ஒரு 'டிக்' சத்தம் வரை இழுத்துவிட்டு, நியூட்ரலில் விட்டு உள்ளே போய்விட்டார். பத்து நிமிடம் வண்டி அப்படியே நின்றது. அப்புறம் மெல்ல நகர்ந்து ஒரு பூக்கடைத் தள்ளுவண்டியில் போய் முட்டியது. பூக்கார அம்மா அந்த நேரம் டீ வாங்கப் போயிருந்தார். அவர் அங்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்ற வருத்தம் போகவில்லை.

வரிசையாகச் சொல்கிறேன். பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுங்கள். இன்ஜினை நிறுத்துங்கள். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்திருந்தால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ் கியர் போடுங்கள். உருள முயன்றால் இன்ஜின் எதிர்த்துப் பிடிக்கும். பிறகு பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்து, வண்டி அசைகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது முன்சக்கரம். நாம் இடது ஓரத்தில் நிறுத்துகிறோம். இறக்கத்தைப் பார்த்து நின்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பி வையுங்கள். பிரேக் விட்டாலும் வண்டி நடைபாதை விளிம்பிலோ மலைச்சுவரிலோ போய் முட்டி நிற்கும், சாலைக்கு வராது. மேட்டைப் பார்த்து நின்று, இடப்பக்கம் உயரமான நடைபாதை விளிம்பு இருந்தால் வலப்பக்கம் திருப்புங்கள். பின்னால் உருளும்போது முன்சக்கரத்தின் பின்பாகம் விளிம்பில் அணைந்துவிடும். விளிம்பே இல்லாத மேடு என்றால் இடப்பக்கம். இடப்பக்கம் பள்ளத்தாக்காக இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், அங்கே நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

கடைசியாக முட்டுக்கல். டிக்கியில் இரண்டு மரக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள், லாரிக்காரர்கள் வைத்திருப்பதுபோல. சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கமாக நெருக்கிப் போடுங்கள். கிளம்பும்போது அதை எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். சாலையில் விட்டுப்போன கல்லில் இரவில் வருகிற பைக்காரர் ஏறி விழுவார்.

ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ளவர் இல்லாதபோது இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தானாக நகராதபடி செய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவே சொல்கிறது. 'ரெண்டு நிமிஷம்தானே' என்று இன்ஜினை ஓடவிட்டு, குழந்தையை உள்ளே உட்காரவைத்துவிட்டு மருந்துக்கடைக்குப் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆட்டோமேட்டிக்கில் 'பி' (பார்க்கிங்) போட்டால் போதும்தானே? (ஊட்டி)

'பி' போட்டால் கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்ன இரும்பு நாக்கு பல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. சரிவில் முழு எடையையும் அதன் மேல் சுமத்தக் கூடாது. பிரேக்கை மிதித்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். பிரேக்கைக் கொஞ்சம் விட்டு, வண்டி ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்ததும் மறுபடி பிரேக்கை மிதித்து 'பி' போடுங்கள். கிளம்பும்போது 'பி' எடுக்கையில் 'டக்'கென்று சத்தம் வராமல் இருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

இரண்டு வண்டிக்கு நடுவில் நிறுத்தவே வரவில்லை. கும்பகோணம் கடைத்தெருவில் மூன்று முறை முயன்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன் அண்ணா.

திரும்பி வந்ததில் தப்பில்லை தங்கச்சி. முதலில் இடம் போதுமா என்று பாருங்கள். நம் ஊர்ச் சின்னக் கார்கள் பெரும்பாலும் 4 மீட்டருக்குள்தான். ஐந்தரை மீட்டர் இடம் இருந்தால் புதியவர்களும் நிறுத்தலாம்.

முன்னால் நிற்கிற வண்டிக்குப் பக்கத்தில், இரண்டு மூன்று அடி தள்ளி, இரண்டு பின் பம்பரும் ஒரே கோட்டில் வரும்படி நிறுத்துங்கள். இடது இன்டிகேட்டர், ரிவர்ஸ். ஸ்டியரிங்கை முழுதாக இடப்பக்கம் ஒடித்து ஊர்ந்து வாருங்கள். வண்டி 45 டிகிரி சாய்ந்ததும் நிறுத்தி, சக்கரத்தை நேராக்கிப் பின்னால் வாருங்கள். உங்கள் முன் இடது மூலை முன் வண்டியின் பின் மூலையைத் தாண்டியதும் முழுதாக வலப்பக்கம் ஒடித்துப் பின்னால் போனால் வண்டி நேராக உள்ளே உட்காரும். ஓரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். அவசரமே வேண்டாம், வண்டி ஆமைபோல நகரட்டும், கை வேகமாகச் சுற்றட்டும். வீட்டருகே இரண்டு பிளாஸ்டிக் வாளிகளை வைத்துப் பழகுங்கள்.

ரிவர்ஸ் சென்சார் கத்துகிறதே, திரும்பிப் பார்க்கணுமா? (சென்னை)

பார்க்கணும். 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் பின் சென்சார் கட்டாயம், நல்ல விஷயம்தான். ஆனால் பம்பருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற குழந்தையோ, சக்கரத்தடியில் படுத்திருக்கிற நாயோ சென்சாரில் தெரியாமல் போகலாம். ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

நாற்சந்தியில் நேராகப் போக ஹசார்ட் லைட் (நாலு இன்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) போடலாமா? (விழுப்புரம்)

வேண்டாம். பக்கவாட்டில் வருகிறவருக்கு உங்கள் ஒரு பக்க விளக்குதான் தெரியும், நீங்கள் திரும்பப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். பழுதாகி நிற்கும்போது போடுங்கள்.

கொல்லிமலையில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார் என் மாமா. (ராசிபுரம்)

மாமாவிடம் தன்மையாகச் சொல்லுங்கள், அது அந்தக் காலக் கணக்கு. இப்போதுள்ள இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டால் எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜினைச் சுற்றவைக்கப் பெட்ரோல் செலவாகும். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும், கருகல் வாசனை அடிக்கும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவது இன்னும் மோசம். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

இரவுப் பயணத்தில் ஓரங்கட்டி, ஏசி போட்டுத் தூங்கலாமா? (தூத்துக்குடி)

தயவுசெய்து வேண்டாம். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உள்ளே கசிந்தால் தூக்கத்திலேயே உயிர் போகும். பெட்ரோல் பங்கிலோ சுங்கச்சாவடி அருகே லாரிகளுக்கான இடத்திலோ நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத் தூங்குங்கள். நெடுஞ்சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியேதானே என்று அங்கே நிற்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் வருகிற இன்னொரு ஓட்டுநர் உங்கள் பின்விளக்கை நோக்கியே வருவார்.

மழைக்காலத்தில் அடித்தளப் பார்க்கிங்கில் விடலாமா? (வேளச்சேரி)

கனமழை எச்சரிக்கை வந்தால் மேட்டுக்கு மாற்றிவிடுங்கள். 2024 அக்டோபரில் உங்கள் பகுதிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதைப் பார்த்தோம், அதில் நியாயம் இருக்கிறது. ஆம்புலன்சுக்கு வழி விட்டு நிறுத்தினால் சரி. தண்ணீர் ஏறிவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளியோ கட்டி இழுத்தோ கொண்டுபோங்கள். தென்னை மரத்தடியும் வேண்டாம்.

ஊருக்குப் போய் 20 நாள் கழித்து வந்தேன். பின்சக்கரம் சுற்றவில்லை. (தஞ்சாவூர்)

ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுப் போயிருப்பீர்கள், பிரேக் ஷூ துருப்பிடித்து டிரம்மோடு ஒட்டியிருக்கும். மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விடுபடும், இல்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அடுத்த முறை சமதளத்தில் கியரில் விட்டு, முன்னும் பின்னும் கட்டை போட்டுவிட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவையுங்கள்.

கதவைத் திறக்கும்போது ஒரு பைக்காரர் மயிரிழையில் தப்பினார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை ஐயா. (திருச்சி)

உங்களுக்கு வலிக்கிறது என்பதே நல்லதுதான். இனிமேல் வலப்பக்கக் கதவை இடது கையால் திறந்து பாருங்கள். கை குறுக்கே வரும்போது உடம்பு தானாகத் திரும்பும், கண் சைடு மிரரைத் தாண்டிப் பின்னால் போகும். முதலில் நாலு விரல் அளவு திறந்து, ஒரு முறை பார்த்து, அப்புறம் முழுதாகத் திறந்து இறங்குங்கள். பின்சீட்டில் இருக்கிற பிள்ளைகளை எப்போதும் இடப்பக்கமாகவே இறக்குங்கள். வலப்பக்கக் கதவில் குழந்தைப் பூட்டு இருக்கும். பின்கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில் சின்ன நெம்பி தெரியும், இன்றைக்கே அதைப் போட்டுவையுங்கள்.