மேல் வீட்டு கிரைண்டர் ராத்திரி பதினொன்றரை வரைக்கும் ஓடுது, போலீசுக்குப் போகலாமா?

கேள்வி: கோயமுத்தூர்ல ஒரு அபார்ட்மென்ட்ல முதல் மாடியில இருக்கோம். எங்களுக்கு மேல் வீட்டு அக்கா இட்லி மாவு அரைச்சு கடைகளுக்குப் போடறாங்க. டில்டிங் கிரைண்டர் ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சா பதினொன்றரை வரைக்கும் ஓடும். பொண்ணு ப்ளஸ் டூ, தூங்கவே முடியலைன்னு அழறா. வீட்டுக்காரர் கோவத்துல வாட்ஸ்அப் குரூப்ல "இது வீடா ஃபேக்டரியா"ன்னு போட்டுட்டார், அதுலேர்ந்து அவங்க முகம் குடுத்தே பேசறதில்ல. இப்ப வீட்டு கரண்ட் கனெக்ஷன்ல தொழில் பண்றாங்கன்னு ஈபி ஆபீஸ்ல கம்ப்ளைன்ட் குடுத்துடலாம், இல்ல போலீசுக்குப் போயிடலாம்ங்கறார். என்ன பண்றது?

பதில்: உங்க பொண்ணோட தூக்கம் சின்ன விஷயம் இல்லம்மா, அதைக் கேக்கறதுக்கு நீங்க கூச்சப்படவே வேண்டாம். ஆனா ஈபி யோசனையை இன்னிக்கே விட்டுடச் சொல்லுங்க. அது சத்தத்தை நிறுத்தற வழி இல்ல, அவங்க பொழப்புல கை வைக்கற வழி. அதைப் பண்ணிட்டா அப்புறம் அந்த வீட்டோட எந்தப் பேச்சும் எடுபடாது, நீங்க ரெண்டு பேரும் ஒரே படிக்கட்டுலதான் ஏறி இறங்கணும்.

அவங்க ஏன் பத்து மணிக்கு மேல அரைக்கறாங்கன்னு யாராவது கேட்டீங்களா? காலையில கடைக்குப் போற மாவு, ரொம்ப முன்னாடி அரைச்சா கோயமுத்தூர் வெயில் காலத்துல விடியறதுக்குள்ள புளிச்சுப் பொங்கிடும், கடைக்காரர் திருப்பி அனுப்பிடுவார், அந்தப் பயம் இருக்கலாம். அதனால "அரைக்காதீங்க"ன்னு கேட்டா அவங்களால ஒத்துக்கவே முடியாது. எட்டு மணிக்கு ஆரம்பிச்சு பத்துக்குள்ள முடிச்சுட்டு, முன்னாடி அரைச்ச மாவை ஃப்ரிட்ஜ்ல வெச்சா புளிக்கறது மெதுவாகும்னு சொல்லிப் பாருங்க, அது அவங்களால முடியற விஷயம்.

இன்னொண்ணு, கிரைண்டர் சத்தம் காத்துல மட்டும் வர்றதில்ல. மெஷினோட அதிர்வு தரை வழியா கான்கிரீட்டுக்குள்ள இறங்கி உங்க சீலிங்கையே சத்தம் போட வைக்குது, அதனாலதான் ஜன்னலை இறுக்கிச் சாத்தினாலும் அந்த "உர்ர்"னு ஒரு சத்தம் போக மாட்டேங்குது. மேல இருக்கறவங்களுக்கு அது அவ்வளவு பெருசா தெரியவும் தெரியாது, நம்புங்க. கிரைண்டர் காலுக்கு அடியில தடியான ரப்பர் ஷீட் போட்டு, ரூம் நடுவுல இல்லாம சுவர் ஓரமா, ஆனா சுவர்ல படாம தள்ளி வெச்சாலே நல்லா குறையும். பெல்ட் லூசா இருந்தாலும் பேரிங் தேஞ்சிருந்தாலும் கூடுதலா கடகடன்னு அடிக்கும், கோயமுத்தூர்ல கிரைண்டர் மெக்கானிக்குக்கா பஞ்சம். ரப்பர் ஷீட்டை நீங்களே வாங்கிட்டுப் போங்க. செலவு யாருதுன்னு கணக்குப் பாக்காதீங்க.

போறது நீங்க மட்டும் போங்க, வீட்டுக்காரர் வேண்டாம், சத்தம் ஓடிட்டிருக்கற நேரத்துலயும் வேண்டாம், சாயங்காலம் அவங்க கொஞ்சம் ஓய்வா இருக்கறப்ப போங்க. முதல்ல குரூப்ல போட்டதுக்கு மன்னிப்பு கேளுங்க. அம்பது வீட்டுக்காரங்க பாக்க ஒருத்தங்க தொழிலைக் கேவலமா பேசினது தப்புதான், அதுல ரெண்டு பேச்சுக்கு இடமில்ல. அப்புறம், "அக்கா, பொண்ணுக்கு மார்ச்ல பரீட்சைங்க, பத்து மணிக்கு மேல மட்டும் ஓட்டாம இருக்க முடியுங்களா, ஒரு தடவை கீழ எங்க வீட்டுக்கு வந்து கேட்டுப் பாருங்க"ன்னு கூப்பிடுங்க. கீழ வந்து அவங்க காதால கேட்டுட்டா பாதி பேச்சு பேசவே வேண்டியிருக்காது.

ரெண்டு வாரம் பொறுத்தும் ஒண்ணும் மாறலைன்னா அசோசியேஷனுக்கு எழுத்துல குடுங்க, எந்தத் தேதி, எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்னு ஒரு நோட்டுல குறிச்சு வெச்சு அதையும் சேர்த்துக் குடுங்க. அவங்க வாடகைக்கு இருந்தா, ஓனருக்கு மட்டும் எடுத்தவுடனே போன் போடாதீங்க, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டா அந்தப் பாவம் உங்களைத் தூங்க விடாது.

சட்டம் உங்க பக்கமும் இருக்கு. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணிலேர்ந்து காலை 6 மணி வரைக்கும் இரவு நேரம், குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55 டெசிபல், இரவுல 45 டெசிபல்னு அளவு வெச்சிருக்காங்க. எதுவுமே நடக்கலைன்னா 112-க்கு கூப்பிடலாம். ஆனா போலீஸ் வந்து அன்னிக்கு ராத்திரி நிறுத்திட்டுப் போவாங்க, மறுநாள் திரும்ப ஆரம்பிச்சா என்ன பண்ணுவீங்க? அதுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நல்லது. ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசுவாங்க, பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே சட்ட உதவி இலவசம், 15100-க்கு போன் பண்ணி விசாரிக்கலாம்.

இதெல்லாம் நடக்கற வரைக்கும் பொண்ணோட படுக்கையை கிரைண்டருக்கு நேர் கீழ இல்லாத ரூமுக்கு மாத்துங்க. ஹால்ல படுத்தாலும் பரவாயில்ல, பத்தரைக்கு அவ தூங்கணும், டிவியை அதுக்கு முன்னாடியே அணைச்சுடுங்க.